சிறு அறுவைக்கு எந்தக் கிருமிநாசினி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மச்சம் எடுக்கிறார்கள், கொழுப்புக்கட்டி எடுக்கிறார்கள், கால் விரல் நகம் சதைக்குள் வளர்ந்துவிட்டதென்று ஓரத்தை வெட்டுகிறார்கள். அரை மணி நேரத்தில் வேலை முடிந்து வீட்டுக்கும் வந்துவிடுகிறோம். அதன் பிறகுதான் கவலை தொடங்குகிறது. சீழ் பிடிக்குமா, எதைத் தடவலாம், அந்த அரக்கு நிற மருந்து நல்லதா, நிறமில்லாத மருந்து நல்லதா என்றெல்லாம் கேள்விகள் வருகின்றன. திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவர் உங்கள் புண்ணைப் பார்த்துச் சொன்னது இதிலிருந்து மாறுபட்டால், அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

அறுவைக்கு முன் தோலைத் துடைக்கிறார்களே, அதோடு கிருமி எல்லாம் செத்துவிடுமா?

எல்லாம் சாகாது. தோலின் மேற்பரப்பில் இருப்பவை பெரும்பாலும் செத்துவிடும். மயிர்க்கால்களுக்குள்ளும் எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள்ளும் வாழ்பவற்றை எந்த மருந்தாலும் முழுக்க எட்ட முடியாது. கத்தியையும் கத்தரியையும் ஆவியில் வேகவைத்து முழுக்கக் கிருமி நீக்கலாம், உயிருள்ள தோலை அப்படிச் செய்ய வழியில்லை. ஆகவே கிருமிகளின் எண்ணிக்கையை நம் உடலின் எதிர்ப்புச் சக்தி சமாளிக்கிற அளவுக்குக் குறைப்பதும், அறுவை முடியும் வரை அவை மீண்டும் பெருகாமல் பார்த்துக்கொள்வதும்தான் நோக்கம்.

புண்ணில் தொற்று உண்டாக்கும் கிருமிகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, நம் தோலிலேயே குடியிருப்பவைதான். ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு அவற்றில் முதலிடம். அதனால்தான் இந்தத் துடைப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

என்னென்ன மருந்துகள் பயன்படுகின்றன?

முக்கியமானவை மூன்றுதான்: ஆல்கஹால், பொவிடோன் அயோடின், குளோர்ஹெக்சிடின். மற்றவை பெரும்பாலும் இவற்றின் கலவைகள்.

ஆல்கஹால் (நாம் ஸ்பிரிட் என்று சொல்வது) மூன்றிலும் வேகமானது. கிருமியின் புரதத்தைச் சில நொடிகளில் உறைய வைத்துவிடும். 100 சதவீத ஆல்கஹாலைவிட 70 சதவீதம் நன்றாக வேலை செய்யும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். புரதம் உருக்குலைய நீரும் வேண்டும், காரணம் அதுதான். ஆவியாகிப் போனதும் ஆல்கஹாலின் வேலையும் முடிந்துவிடுகிறது என்பது அதன் குறை. விதைநிலையில் (கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலையில்) இருக்கும் பாக்டீரியாக்களையும் அது கொல்லாது.

பொவிடோன் அயோடின் என்பது அந்த அரக்கு நிற மருந்து. பெட்டாடின் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். பழைய அயோடின் டிங்சர் எரியும், தோலைப் புண்ணாக்கும். 1950-களில் அயோடினை ஒரு பாலிமரோடு (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறோடு) பிணைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி செய்தார்கள். 10 சதவீதக் கரைசலில் பயன்படக்கூடிய அயோடின் 1 சதவீதம் இருக்கும். பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் என்று பரவலாக எல்லாவற்றையும் தாக்கும். இதற்கு எதிராகக் கிருமிகள் எதிர்ப்பை வளர்த்துக்கொள்வதும் அரிது. ஆனால் ரத்தமும் சீழும் பட்டால் வீரியம் குறைந்துவிடும்.

குளோர்ஹெக்சிடினும் 1950-களில் இங்கிலாந்தில் வந்ததுதான். இதன் மூலக்கூறு நேர்மின்னேற்றம் கொண்டது, கிருமியின் மேலுறை எதிர்மின்னேற்றம் கொண்டது. அதனால் ஒட்டிக்கொண்டு உறையைக் கிழித்துவிடும். தோலிலும் அப்படியே ஒட்டிக்கொள்வதால் துடைத்த பிறகும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும், ரத்தம் பட்டாலும் அவ்வளவாகச் சோர்ந்துபோகாது. சாதாரண சோப்பு மிச்சம் இருந்தால் மட்டும் இதன் வலு குறையும். சோப்புப் போட்டால் நன்றாக அலசிவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

சரி, இதில் எது சிறந்தது?

இந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. விடை ஏன் மாறிக்கொண்டே இருந்தது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

2010-ல் அமெரிக்காவில் 849 பேரை வைத்து நடந்த ஆய்வு பெரிய அலையைக் கிளப்பியது. ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடின் தடவியவர்களில் 9.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்தது, நீரில் கலந்த பொவிடோன் அயோடின் தடவியவர்களில் 16.1 சதவீதம். இதை வைத்து 'அயோடின் தோற்றது' என்று பலர் எழுதினார்கள். ஒப்பீட்டை இன்னொரு முறை பாருங்கள். ஒரு பக்கம் ஆல்கஹால் இருக்கிறது, இன்னொரு பக்கம் இல்லை. வெற்றி குளோர்ஹெக்சிடினுடையதா, ஆல்கஹாலுடையதா? அந்த ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் ஆல்கஹால் வைத்து அதன் பிறகு ஆய்வுகள் நடந்தன. 2016-ல் சிசேரியன் செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வில் குளோர்ஹெக்சிடின் பக்கம் 4.0 சதவீதம், அயோடின் பக்கம் 7.3 சதவீதம். இதில் குளோர்ஹெக்சிடின் முந்தியது. 2024-ல் ஸ்விட்சர்லாந்தில் இதய, வயிற்று அறுவைகளில் 3,360 பேரிடம் பார்த்தபோது அயோடின் 5.1, குளோர்ஹெக்சிடின் 5.5. வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் எலும்பு முறிவு அறுவைகளில், தோல் கிழியாத முறிவுகளுக்கு, ஆல்கஹாலில் கலந்த அயோடின் முந்தியது (தொற்று அயோடினில் 2.4 சதவீதம், குளோர்ஹெக்சிடினில் 3.3). 2021-ல் இந்தியா உள்பட ஏழு நாடுகளில் 5,788 பேரிடம் ஆல்கஹால் குளோர்ஹெக்சிடினையும் நீரில் கலந்த பொவிடோன் அயோடினையும் ஒப்பிட்டார்கள். அங்கே எதுவும் முந்தவில்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: தோலில் புண் இல்லாத இடத்தில், ஆல்கஹால் கலந்த எதையாவது ஒழுங்காகத் தடவினால் போதும். கூட இருப்பது குளோர்ஹெக்சிடினா அயோடினா என்பது இரண்டாவது கேள்விதான். உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்கள் தரும் நைஸ் அமைப்பும் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினை முதலில் வைக்கின்றன. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2017-ல் தந்த வழிகாட்டுதல் 'ஆல்கஹால் கலந்ததாக இருக்கட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

அதெல்லாம் பெரிய அறுவைகள். மச்சம் எடுப்பதற்கும் இதே கணக்குத்தானா?

நல்ல கேள்வி. பலரும் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையின் எண்களைக் கொண்டுவந்து, தோலில் ஒரு சென்டிமீட்டர் வெட்டுக்குப் பொருத்தக்கூடாது.

சிறு அறுவைக்கென்றே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் குடும்ப மருத்துவர்களின் கிளினிக்குகளில் ஒரு ஆய்வு நடந்தது, 2017-ல் வெளியானது. தோலில் சிறு கட்டி, மச்சம் எடுக்க வந்த 916 பேர். பாதிப் பேருக்கு ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடின், மீதிப் பேருக்கு நீரில் கலந்த அதே மருந்து, அதே 0.5 சதவீதம். தொற்று வந்தது முதல் குழுவில் 5.8 சதவீதம், இரண்டாவதில் 6.8. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் செல்லாது. சிறு அறுவையில் ஆல்கஹாலுக்கே பெரிய முன்னிலை கிடைக்கவில்லை என்று பொருள்.

ஆகவே உங்கள் மருத்துவர் அரக்கு நிற மருந்தைத் தடவினாலும் சரி, நிறமில்லாததைத் தடவினாலும் சரி, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எப்படித் தடவுகிறார், காயவிடுகிறாரா என்று பாருங்கள்.

காயவிடுவதில் என்ன அவ்வளவு முக்கியம்?

மருந்து வேலை செய்வதே காய்கிற நேரத்தில்தான். பொவிடோன் அயோடினில் அயோடின் மெல்ல மெல்லத்தான் வெளிவரும், அதற்கு இரண்டு நிமிடமாவது வேண்டும். தடவிய கையோடு துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் நிறம் மட்டும்தான் மிச்சம். ஆல்கஹால் குளோர்ஹெக்சிடினை வறண்ட தோலில் முப்பது நொடி முன்னும் பின்னுமாகத் தேய்த்து, மூன்று நிமிடம் விட வேண்டும். தொடையிடுக்கு மாதிரி ஈரமான மடிப்புகளில் இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும்.

பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். தடவியதும் தோல் பளபளவென்று மின்னும். விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் அந்த மினுமினுப்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கிக்கொண்டே வரும். தொப்புள், அக்குள் மடிப்பு, விரலிடுக்கு, முடி இருக்கும் இடம் ஆகியவற்றில் மட்டும் ஈரம் பிடிவாதமாக நிற்கும். அனுபவமுள்ள செவிலியர் அந்த இடங்களைத்தான் கடைசியாக ஒருமுறை பார்ப்பார்.

தீ ஆபத்தும் இருக்கிறது. ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கிற கருவியின் பொறி, காயாத ஆல்கஹாலில் பட்டால் பற்றிக்கொள்ளும். நிறமில்லாத சுடர் என்பதால் உடனே கண்ணுக்கும் தெரியாது. உடலுக்கு அடியில் வழிந்து தேங்கிய மருந்து, அது பொவிடோன் அயோடினாகவே இருந்தாலும், தோலைப் பொசுக்கும். முதுகுக்குக் கீழே ஈரமாக இருப்பதுபோல் பட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

அறுவைக்கு முன் அந்த இடத்து முடியை நானே வழித்துக்கொண்டு போகலாமா?

வேண்டாம். ரேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுச்செல்கிறது, கிருமிகள் அதில் குடியேறிவிடும். முடி இடைஞ்சலாக இருந்தால் கிளினிக்கிலேயே கிளிப்பர் வைத்து ஒட்ட வெட்டுவார்கள். இடைஞ்சல் இல்லையென்றால் முடி இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் நாள் விசேஷ சோப்பில் குளிக்க வேண்டுமா?

குளிக்க வேண்டும், சாதாரண சோப்பே போதும். அன்று அந்த இடத்தில் கிரீம், எண்ணெய், பவுடர் எதுவும் போடாமல் இருந்தால் மருந்து தோலில் நேரடியாகப் படும்.

முகத்தில், கண்ணருகில் என்றால்?

இங்கேதான் மருந்தின் தேர்வு உண்மையிலேயே முக்கியமாகிறது. குளோர்ஹெக்சிடின் கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கெடுக்கும், நிரந்தரமாகப் பார்வை குறைந்தவர்கள் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருந்து நடுக்காதுக்குள் போனால் கேட்கும் திறன் போகலாம். மூளை, தண்டுவட உறைகளிலும் படக்கூடாது. ஆல்கஹால் கலந்த எதுவும் கண்ணுக்கும் வாய், பிறப்புறுப்பு போன்ற ஈரச்சவ்வுகளுக்கும் ஆகாது. கண் அறுவைக்கு முன் கண்ணுக்குள்ளேயே விடுவது 5 சதவீதப் பொவிடோன் அயோடின்தான். இமைக்கு அருகில் மருவோ கட்டியோ எடுப்பதாக இருந்தால், எதை வைத்துத் துடைக்கப் போகிறீர்கள் என்று தாராளமாகக் கேளுங்கள்.

எனக்கு இறால், நண்டு ஒத்துக்காது. அயோடின் தடவலாமா?

தடவலாம். இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதன் தசையிலுள்ள ஒரு புரதம், அயோடின் கிடையாது. தைராய்டு ஹார்மோனே அயோடினால் ஆனது. அது உடலில் இல்லாமல் யாரும் உயிர்வாழ முடியாது. இந்தத் தவறான நம்பிக்கையால் நல்ல மருந்து பலருக்கு மறுக்கப்படுகிறது என்பது எனக்கு வருத்தம். பொவிடோன் அயோடினாலேயே முன்பு தடிப்பு, கொப்புளம் வந்திருந்தால் அது வேறு விஷயம், கட்டாயம் சொல்ல வேண்டும்.

குளோர்ஹெக்சிடின் பற்றி இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள். அரிதாகத்தான் என்றாலும், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை இதனால் வந்திருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-ல் இதற்கென்று எச்சரிக்கையே வெளியிட்டது. வாய் கொப்பளிக்கும் மருந்துகள் சிலவற்றிலும் சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் ஜெல்லிலும் இது இருக்கும். அப்படி ஏதாவது பயன்படுத்தியபோது உடம்பெல்லாம் அரிப்பு, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்ததா என்று யோசித்து, வந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். கைக்குழந்தைக்குத் தடவலாமா?

பொவிடோன் அயோடின் தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும். ஒரு தடவை, சிறிய இடத்தில் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நாள்கணக்கில் திரும்பத் திரும்பத் தடவினால் சிசுவின் தைராய்டைப் பாதிக்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பச்சிளங்குழந்தைகள், தைராய்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து தடவக்கூடாது. குறைமாதக் குழந்தைகளின் தோல் மிக மெல்லியது, ஆல்கஹால் குளோர்ஹெக்சிடின் அதைப் பொசுக்கிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு தையல் மேல் தினமும் கிருமிநாசினி தடவ வேண்டாமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தைத்து மூடிய சுத்தமான புண்ணின் மேல்தோல் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே புதிய செல்கள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. கிருமியைக் கொல்லும் மருந்துக்கு இது கிருமி, இது நம் செல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இதில் மோசமானவை. பெராக்சைடு ஊற்றியதும் பொங்கி நுரைப்பதைப் பார்த்து 'கிருமி சாகிறது' என்று மகிழ்கிறோம். நம் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கிற ஒரு நொதி பெராக்சைடை உடைப்பதால் வரும் ஆக்சிஜன் குமிழிதான் அந்த நுரை. கிருமியே இல்லாத புண்ணிலும் அது நுரைக்கும்.

அறுவைக்கு முன் தடவுவதன் வேலை வேறு, பின்னால் தடவுவதன் வேலை வேறு. முன்னால் தடவுவது அப்படியே இருக்கும் தோலில். பின்னால் தடவுவது ஆறிக்கொண்டிருக்கும் சதையில். டிரஸ்ஸிங்கை மருத்துவர் சொன்ன நாள் வரை பிரிக்காமல் வைத்திருப்பதும், தொடுவதற்கு முன் கை கழுவுவதும் எந்தப் பாட்டிலையும்விட அதிகப் பலன் தரும்.

சீழ்க்கட்டியைக் கீறித் திறந்துவிட்டு, தைக்காமல் உள்ளிருந்து ஆறவிடும் புண்கள் இதில் சேராது. அவற்றுக்கு மருத்துவர் சொல்லும் முறை தனி.

ஆன்டிபயாடிக் ஆயின்மென்ட்?

1996-ல் வெளியான ஒரு ஆய்வில் 922 பேரின் சிறு அறுவைப் புண்களில் பாதிக்கு வெறும் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி, பாதிக்குப் பேசிட்ராசின் ஆயின்மென்ட் போட்டார்கள். தொற்று முறையே 2.0, 0.9 சதவீதம். இரண்டும் குறைவு, இடையிலுள்ள வித்தியாசமும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவுதான். ஆயின்மென்ட் போட்ட நான்கு பேருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது, ஜெல்லி போட்டவர்களில் யாருக்கும் வரவில்லை. நியோமைசின் கலந்த ஆயின்மென்ட்களிலும் இதே ஒவ்வாமைச் சிக்கல் உண்டு. புண்ணைச் சுற்றிச் சிவந்து அரிக்கும், தொற்று என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவுவோம், இன்னும் சிவக்கும்.

புண் காய்ந்து பொருக்குத் தட்டாமல் ஈரப்பதத்தோடு இருந்தால் சீக்கிரம் ஆறும். அதற்குப் பெட்ரோலியம் ஜெல்லியே போதும். டப்பாவுக்குள் விரலை விட்டு எடுக்காதீர்கள், பிதுக்கும் டியூப் நல்லது.

தண்ணீர் பட்டால் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?

2006-ல் குயின்ஸ்லாந்திலேயே இதையும் சோதித்தார்கள். ஒரு குழுவினர் முதல் இரண்டு நாளிலேயே புண்ணை நனைத்துக் குளித்தார்கள், இன்னொரு குழுவினர் 48 மணி நேரம் நனைக்கவில்லை. தொற்று 8.4, 8.9 சதவீதம். நனைத்ததால் எதுவும் கூடவில்லை. மேலிருந்து விழும் தண்ணீரில் குளித்துவிட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். குளம், நீச்சல் குளம், தொட்டியில் ஊறுவது ஆகியவை மட்டும் தையல் பிரித்து ஆறும் வரை வேண்டாம்.

டெட்டால், சாவ்லான் ஊற்றலாமா?

டெட்டாலில் இருப்பது குளோராக்சிலெனால். சாவ்லான் திரவத்தில் பல நாடுகளில் செட்ரிமைடும் குளோர்ஹெக்சிடினும் இருக்கும். இரண்டும் நீர்க்க வைத்துப் பயன்படுத்த வேண்டியவை. நேராக ஊற்றினால் தோல் வெந்துபோகும். ஆறிவரும் தையலுக்கு இரண்டுமே தேவையில்லை.

வீட்டில் பாதி மிச்சமிருக்கும் பாட்டிலை வைத்துக்கொள்ளலாமா?

கிருமிநாசினிக்குள்ளேயே கிருமி வளரும். சூடோமோனாஸ், பர்கோல்டெரியா வகைப் பாக்டீரியாக்கள் நீர்த்த குளோர்ஹெக்சிடினிலும் பொவிடோன் அயோடினிலும் பிழைத்திருந்து மருத்துவமனைகளில் தொற்றைப் பரப்பியிருக்கின்றன. ஆகவே பழைய பாட்டிலில் புதியதை ஊற்றி நிரப்பாதீர்கள், குழாய்த் தண்ணீர் கலந்து எடுத்து வைக்காதீர்கள், பாட்டிலின் வாயில் பஞ்சை வைத்து அழுத்தாதீர்கள். காலாவதித் தேதி தாண்டியதையும் எப்போது திறந்தோம் என்று நினைவில்லாததையும் தூக்கிப் போட்டுவிடலாம்.

சாதாரணச் சிவப்புக்கும் தொற்றுக்கும் எப்படி வித்தியாசம் தெரிந்துகொள்வது?

முதல் இரண்டு மூன்று நாள் ஓரத்தில் மெல்லிய சிவப்பு, லேசான வீக்கம், தொட்டால் வலி, ஒரு சொட்டு தெளிந்த நீர் எல்லாம் ஆறுவதன் பகுதிதான். அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்துவந்த வலி நான்காம், ஐந்தாம் நாளில் திரும்பக் கூடினால் சந்தேகப்படுங்கள். பேனாவால் சிவப்பின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டு வையுங்கள். சில மணி நேரம் கழித்துச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால், சீழ் வந்தால், நாற்றம் அடித்தால், தையல் விட்டுப்போனால், காய்ச்சல் வந்தால் அன்றே காட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இதில் எந்த ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது.

தோலில் தெரிவதற்குப் பொருந்தாத அளவுக்கு வலி கடுமையாக இருந்தால், அதுவும் அறுவை முடிந்து ஓரிரு நாளுக்குள் காய்ச்சல், கொப்புளம், கருத்த நிறத்தோடு வந்தால், மறுநாள் வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்த மருத்துவர் எப்போது என்ன அறுவை செய்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சீட்டோடு எடுத்துப் போனால் அங்கே நேரம் மிச்சமாகும்.